இருட்டு மண்டபத்தில் கரும்பு வைக்காதீர்கள்: செடிகளால் காட்சி அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் 16 நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து யாராவது இளைஞர்கள் என் நாற்றுப்பண்ணைக்கு வந்துவிடுவார்கள். 1860-இல் அந்த நாளில்தான் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தத்தில் வந்த முதல் இந்தியர்கள் 342 பேரோடு நேட்டால் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் அதை நினைவுகூரப் பழைய புகைப்படங்களைச் சுவரில் மாட்டுவார்கள், கீழே நாலு வரி எழுதி ஒட்டுவார்கள், அவ்வளவுதான். இப்போது உள்ளே நடந்து போகிற மாதிரி வேண்டுமாம். முதலில் கப்பலின் அடித்தளம் போல ஓர் இருட்டறை, அதைத் தாண்டினால் கரும்புத் தோட்டம், அப்புறம் பாட்டி வீட்டுக் கொல்லை. எல்லாமே உயிருள்ள செடிகளால்.

யோசனை அருமை. புகைப்படத்தைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிற பிள்ளைகூடத் துளசி இலையைக் கசக்கி மோந்து பார்த்தால் ஒரு நிமிஷம் நிற்கும். ஆனால் இவர்கள் செய்கிற தவறுகள் வருடா வருடம் மாறுவதே இல்லை. பாதிக்கு மேல் நான் தொழில் பழகிய காலத்தில் செய்தவைதான். தொட்டியில் ஓட்டை போடுங்கள், தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை.

கண்ணை நம்பி வெளிச்சத்தை முடிவு செய்வது

பணம் போவதும் இதில்தான், எனக்கு எரிச்சல் வருவதும் இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபம். தொட்டியில் வளர்த்த கரும்பு, ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டு பக்கமும் நெருக்கமாக வைத்து நடுவில் ஒற்றையடிப் பாதை விட்டிருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, மேலே நீல விளக்கு. விடியற்காலையில் தோட்டத்துக்கு நடந்து போவது போல இருக்க வேண்டும் என்பது திட்டம். திறப்பு விழாவன்று பார்த்தவர்கள் அசந்துதான் போனார்கள். விசிறிக் காற்றில் கரும்புத் தோகை உரசும் சத்தம் ஒன்றே போதும், கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த டொங்காட் பக்கத்து ஆட்களுக்குப் பழைய நினைப்பெல்லாம் வந்துவிடும்.

சில நாளிலேயே தொலைபேசி. "அங்கிள், கரும்பு மஞ்சளாகுது. தண்ணீர் நிறையத்தான் ஊற்றுகிறோம்." போய்ப் பார்த்தால் அடித்தோகை வெளுத்து, குருத்து சோகை பிடித்து, எல்லாம் வாசல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. தொட்டி மண்ணில் விரலை விட்டேன். சேறு. முட்டை அழுகிய நாற்றம். விளக்கைக் கூட்டுங்கள் என்றால், "மூட் போய்விடும்" என்றார் அமைப்பாளர். "வெளிச்சம் இருக்கிறதே, நமக்கு நன்றாகத் தெரிகிறதே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நமக்குத் தெரிகிறது, சரி. அதுதான் சிக்கலே. மனிதக் கண் எந்த இடத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். உச்சி வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். குழல் விளக்கு எரிகிற சாதாரண மண்டபத்தில் 200, 300 இருந்தால் பெரிது. முந்நூறு மடங்குக்கும் மேல் குறைவு. ஆனால் வெளியிலிருந்து உள்ளே வரும் நமக்கு 'கொஞ்சம் மங்கல்' என்றுதான் படும். செடிக்கு அந்த வசதி கிடையாது. இதில் கறுப்புத் துணியும் கட்டி, விளக்கையும் நீலமாக்கி இறக்கினால் கரும்புக்கு அது நள்ளிரவு.

அடுத்து நடப்பதைப் பாருங்கள். வெளிச்சம் இல்லாத செடி தண்ணீர் இழுக்காது. இழுக்காத தண்ணீர் மண்ணிலேயே தேங்கும். வேருக்குக் காற்று போகாமல் அழுக ஆரம்பிக்கும். அழுகிய வேர் இலைக்குத் தண்ணீர் அனுப்பாது, இலை மஞ்சளாகித் தொங்கும். அதைப் பார்க்கிற தொண்டர், பாவம் காய்கிறது என்று இன்னொரு வாளி ஊற்றுவார். அந்த மண்டபத்தில் இதுதான் நடந்தது. அத்தனை கரும்பையும் எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கினார்கள், லாரி வாடகையோடு. நீல விளக்கை மட்டும் மாற்றவில்லை. இரண்டாவது செட்டும் போனது.

வாசனைக்கும் இதுவேதான் கதி. வெயிலில் வளர்ந்த துளசியை மூலையில் கொண்டுபோய் வைத்தால், புதிதாக விடுகிற இலை மெல்லிசாக, பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். கசக்கினாலும் மணம் வராது.

என்ன செய்யலாம்? முதலில் கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனாலும் உங்கள் கண்ணைவிட நூறு மடங்கு யோக்கியமானது. செடி இருக்கப்போகிற இடத்தில், இலை மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். விளக்குக்கு அடியில் நின்று அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஒரு பல்புக்கும் இலைக்கும் இடையில் உள்ள தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும்.

இரண்டாவது, மூட் வேண்டுமென்றால் அது பார்வையாளர் இருக்கிற நேரத்துக்கு மட்டும்தானே? மண்டபம் மூடியதும் நீல விளக்கை அணைத்துவிட்டு, வலுவான வெள்ளை எல்இடியைச் செடிக்குப் பக்கமாக இறக்கி இரவு பத்து மணி நேரம் எரிய விடுங்கள். ஒரு டைமர் போதும். செடிக்கு அது பகல், அவ்வளவுதான். கரும்புக்கு அதுவும் போதாது. அதற்கு இரண்டு செட் வாங்கி, ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது வெயிலில் நிற்கும்படி மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாளே இரண்டு செட் வாங்கியிருந்தால் அந்த மண்டபத்துக்காரர்களுக்கு அதே செலவுதான் ஆகியிருக்கும், கரும்பும் பிழைத்திருக்கும்.

மூன்றாவது, நிழல் விரும்பும் செடியைத் தேடுங்கள். வெற்றிலை அகத்தி நிழலில் கொடிக்காலில் வளர்ந்து பழகியது. இஞ்சி, மஞ்சள் அரை நிழலைத் தாங்கும். தென்னாப்பிரிக்காவுக்கே உரிய புதினா மணப் பெலார்கோனியம் ஒன்று இருக்கிறது. இலை வெல்வெட் மாதிரி, தொட்டால் மிட்டாய் வாசனை, அரை நிழல் போதும். கற்பூரவல்லியும் சமாளிக்கும். அது நம் முன்னோர்கள் மூட்டையில் கட்டிக் கொண்டுவந்தது என்று எல்லோரும் எழுதி வைக்கிறார்கள். டர்பன் இருக்கும் குவாஸுலு-நேட்டால் மாகாணத்தில் அது தானாகவே வளரும் செடி. பலகையில் எழுதும் முன் கொஞ்சம் விசாரியுங்கள்.

எதை வைத்தாலும், திடீரென்று வெயிலிலிருந்து தூக்கி உள்ளே வைக்காதீர்கள். இரண்டு வாரம் நிழல்வலையில் இருந்து பழகட்டும்.

மாலையில் மணப்பதைக் காலையில் காட்டுவது

மல்லிகை மொட்டு விரிவது அந்தி சாய்ந்த பிறகு. பவளமல்லி இரவில் பூத்து விடியும்போது கொட்டிவிடும். நிலசம்பங்கியும் இருட்டினால்தான் வீட்டை நிறைக்கும். உங்கள் கண்காட்சியோ காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து மல்லிகைச் செடியில் மூக்கை வைத்து, ஒன்றும் இல்லையே என்று போய்விடுவார்கள். பகலுக்கு இலை வாசனைதான் சரி. கறிவேப்பிலை, துளசி, எலுமிச்சைப்புல் எல்லாம் எந்த நேரம் கசக்கினாலும் மணக்கும். மல்லிகை வேண்டுமென்றால் ஒரு நாளாவது இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள்.

எல்லா வாசனையையும் ஒரே மூலையில் குவிப்பது

நாலாவது செடியில் மூக்கு மரத்துவிடும். இடைவெளி விடுங்கள்.

வாசனை ஸ்ப்ரே

வேண்டாம்.

கைக்கு எட்டும் இடத்தில் எதையாவது வைப்பது

தொடலாம் என்று பலகை வைத்துவிட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் தொடுவார்கள், சிலதை வாயிலும் போடுவார்கள். கரும்புத் தோகையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ரம்பப் பற்கள் இருக்கின்றன. விரலை ஓரத்தோடு இழுத்தால் நூல் மாதிரி கோடு விழும், ரத்தம் அப்புறம்தான் தெரியும். பாதைப் பக்கம் நீளும் தோகையைக் கட்டி ஒதுக்குங்கள். பெரியவர்கள் வெட்டிய கரும்பின் வலி தெரியட்டும் என்று ஒருவர் வாதாடினார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாமே.

அரளி பூஜைக்கு உகந்தது என்று வாசலில் வைப்பார்கள். வேர் முதல் பூ வரை அத்தனையும் விஷம். வேப்பிலை கிடைக்காமல், பார்க்க வேம்பு மாதிரி இருக்கும் சிரிங்கா மரத்தின் கிளையைத் தோரணம் கட்டுகிறவர்களும் இங்கே உண்டு. அதில் தொங்கும் மஞ்சள் காய்களை முதலில் உதிர்த்துவிடுங்கள், அதுவும் விஷம். போதாததற்கு, சிரிங்காவும் உண்ணிச்செடியும் இந்த நாட்டின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கின்றன. தொட்டியில் வைத்து அழகு பார்க்கிற செடிகள் இல்லை.

உயரத்தையும் யோசியுங்கள். கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தோட்டத்தில் வாசனைச் செடிகளை உயர்த்திய பாத்திகளில் வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே பார்வையற்றோர் கயிற்றைப் பிடித்து நடக்கும் பிரெய்ல் பாதையும் உண்டு. சக்கர நாற்காலியில் வரும் பாட்டி குனியாமல் கறிவேப்பிலையைத் தொட முடிய வேண்டும்.

பனிப்புகை இயந்திரம்

டர்பனில், நவம்பரில், இன்னும் ஈரமா? தரை வழுக்கும்.

பின்பக்கம் போக வழி விடாதது

முன்னாலிருந்து பார்க்க அழகாக அடுக்கிவிடுவார்கள். பின்வரிசைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் போக இடம் இருக்காது. பிறகு முன்னால் நின்று குழாயால் பீய்ச்சுவார்கள். முன்வரிசை இலை நனையும், ஒலிபெருக்கி நனையும், பின்வரிசை வேர் காய்ந்தே கிடக்கும். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள். செடி வைக்கும் முன்பே, வாளியோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

சைக்காடு

டர்பன் தாவரவியல் பூங்காவில் நிற்கும், பனை மாதிரித் தோன்றும் அரிய மரமான வுட் சைக்காடைப் பார்த்துவிட்டு வந்து, அதுபோல ஒன்று வேண்டும் என்பார்கள். 1895-இல் காட்டில் கண்டுபிடித்தது ஒரே ஓர் ஆண் மரம். இன்று உலகில் இருப்பவை எல்லாம் அதன் கன்றுகளும் கன்றுகளின் கன்றுகளும். நாட்டுச் சைக்காடு எதுவானாலும் வைத்திருக்கவும் கொண்டுபோகவும் அனுமதிச் சீட்டு வேண்டும். 2014-இல் கிர்ஸ்டன்போஷிலிருந்தே இருபதுக்கும் மேல் திருடிக்கொண்டு போனார்கள். உங்கள் மண்டபத்தின் காவலாளி எம்மாத்திரம்?

முடிந்த மறுநாளை யோசிக்காதது

கண்காட்சி முடிந்ததும் செடிகளை வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் வாரக்கணக்கில் உள்ளே இருந்த செடியை வாங்கிப் போகிறவர் நேராக முற்றத்து வெயிலில் வைப்பார். மறுநாளே இலை வெந்து காகிதமாகிவிடும், செடி சரியில்லை என்பார். தொட்டியில் ஒரு சீட்டைக் கட்டி அனுப்புங்கள்: முதல் வாரம் வராந்தா, இரண்டாம் வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும். கரும்பை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். யாரும் வளர்ப்பதில்லை, காரில் ஏற்றும்போதே ஒடித்துத் தின்றுவிடுகிறார்கள்.