அடுத்தவர் பேக்கேஜும் நம் தப்புக் கணக்கும்

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரு மடிவாளாவில் ஊர் பஸ்ஸுக்காக நின்றால் காதில் விழுவதில் பாதி தமிழ். ஏப்ரலில் சம்பள உயர்வு முடிவாகும் அப்ரைசல் சமயத்தில் அந்தத் தமிழிலும் பாதி சம்பளப் பேச்சு. “அவனுக்கு வருடத்துக்கு முப்பத்திரண்டு லட்சமாம் மச்சி!” அவ்வளவுதான். பஸ் ஏறும்போது தாராளமாக இருந்த நம் 22 லட்சம், ஓசூர் தாண்டுவதற்குள் சில்லறையாகிவிடும். எனக்கு இரண்டு ஏப்ரல்கள் இப்படித்தான் பாழாயின.

‘யாரோடும் ஒப்பிடாதே’ என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த அறிவுரை யாருக்கும் பலித்து நான் பார்த்ததில்லை. ஒப்பிடத்தான் செய்வோம், அதைத் தப்பாகச் செய்யாமல் இருக்கலாம்.

முதல் கோளாறு எண்ணிலேயே இருக்கிறது. ஐடியில் ஒருவர் ‘பேக்கேஜ்’ என்று சொல்வது சிடிசி, அதாவது அவருக்காக நிறுவனம் வருடத்துக்குக் கணக்குக் காட்டும் மொத்தச் செலவு. நிறுவனம் தன் பங்குக்குக் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, வந்தால் உண்டு என்கிற வேரியபிள், ஒரே முறை தரும் ஜாயினிங் போனஸ், வருடக்கணக்கில் பிரித்துப் பிரித்துத் தரும் பங்குகள் எல்லாம் அதில் அடக்கம். அந்த 32 லட்சத்தை, அதை வாங்கும் நண்பரோடு ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து பிரித்தோம். ஜாயினிங் போனஸ் 3, வேரியபிள் 3, பங்குகள் 4 போக, நிலையாக வரும் ஃபிக்ஸட் 22. எனக்கு முழுக்க ஃபிக்ஸடே 22. மாதக் கடைசியில் வரும் பேங்க் எஸ்எம்எஸ் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று! போனஸும் பங்கும் பணமில்லை என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பது அவருக்கே தெரியாது, அவ்வளவுதான்.

சரி, அவரை முந்திவிட்டால் மனசு அடங்கிவிடுமா? அதுதான் அடுத்த தப்புக் கணக்கு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் ஒரு செய்தித்தாளின் இணையதளத்தில் பெயரோடு கிடைத்தது. பொருளாதார ஆய்வாளர்கள் சில ஊழியர்களுக்கு மட்டும் அந்தத் தளத்தைப் பற்றி மின்னஞ்சலில் சொல்லி, பிறகு எல்லோரிடமும் மனநிறைவைப் பற்றிக் கேட்டார்கள். 2012-ல் முடிவு வெளியானது. தகவல் தெரிந்தவர்களில், தங்கள் பிரிவின் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு அதிருப்தி கூடியது. வேறு வேலை தேடும் எண்ணமும் வந்தது. மேலே இருந்தவர்களுக்குக் குறிப்பிடும்படி சந்தோஷம் எதுவும் கூடவில்லை. தோற்றால் வலிக்கிறது, ஜெயித்தால் ஒன்றுமில்லை. இப்படி ஒரு சூதாட்டத்தில் யார் உட்காருவார்கள்? நான் உட்கார்ந்தேன். கம்பெனி மாறி 28 லட்சத்துக்குப் போனேன். மூன்றே மாதத்தில் புது டீமில் 40 வாங்குபவர் அளவுகோல் ஆகிவிட்டார். பழைய நண்பர் ஞாபகத்துக்கே வரவில்லை.

சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவதும் தப்புதான். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியில் ஒரு கேள்வி கேட்டார்கள்: மற்றவர்களுக்கு 25,000 டாலர், உங்களுக்கு 50,000, அல்லது மற்றவர்களுக்கு 2 லட்சம், உங்களுக்கு 1 லட்சம். எது வேண்டும்? ஏறக்குறைய பாதிப் பேர் குறைந்த தொகையே போதும், மற்றவர்களைவிட அதிகமாக இருந்தால் சரி என்றார்கள். விடுமுறையைப் பற்றிக் கேட்டபோது கதை மாறியது. மற்றவர்களுக்கு எத்தனை வாரம் என்று பெரும்பாலோர் பார்க்கவில்லை, தங்களுக்கு அதிக வாரங்களைக் கேட்டார்கள். பெங்களூரு நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் ஆயுளைக் கழிக்கும் நமக்கு இது புரிய வேண்டும். அந்த 40 லட்சக்காரர் ஒயிட்ஃபீல்டு போய்வர தினமும் மூன்று மணி நேரம் செலவழிக்கிறார். எனக்கு நாற்பது நிமிடம். இந்தக் கணக்கை டீக்கடையில் யாரும் போடுவதில்லை.

அப்புறம் இன்னொரு தப்பு, அடுத்தவரோடு உள்ள வித்தியாசத்தை இஎம்ஐ போட்டு நிரப்புவது. நெதர்லாந்தில் தெருவையே குறிவைத்துப் பரிசு தரும் லாட்டரி ஒன்று உண்டு. காரும் பரிசில் சேர்த்தி. பரிசு விழுந்தவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பணத்தைப் போட்டுக் கார் வாங்குவது கூடியதாக ஆய்வு சொல்கிறது. நம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை.

இதற்கெல்லாம் பயந்து யாரிடமும் சம்பளமே கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அதுதான் பண ரீதியில் பெரிய நஷ்டம். நீங்கள் மௌனமாக இருப்பது நிறுவனத்துக்கு வசதி. அப்ரைசலுக்கு முன், அதே அனுபவம், அதே வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் ‘ஃபிக்ஸட் எவ்வளவு?’ என்று கேளுங்கள். பேரம் பேச ஓர் எண் கிடைத்ததும் விட்டுவிடுங்கள். மூன்றாவது ஏப்ரலில் நான் அப்படித்தான் மூன்று பேரிடம் கேட்டு, அந்த எண்ணோடு மேனேஜரிடம் போனேன். கேட்டதில் பாதி கிடைத்தது.