கிரிட்டீரியத்தில் பின்தங்கிக்கொண்டே இருந்தேன்: கோளாறு காலில் இல்லை

கிரிட்டீரியம் என்பது சிறிய சுற்றுப்பாதையில் பல சுற்று ஓட்டும் சைக்கிள் பந்தயம். என் முதல் மூன்று பந்தயங்களிலும் பத்தாவது சுற்றுக்குள் கூட்டத்திலிருந்து கழன்றுவிட்டேன். தெம்பு போதவில்லை என்று ஆறு வாரம் இன்டர்வல் பயிற்சி (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓட்டுவது) செய்தேன். பயனில்லை. டயர் காற்றைக் குறைத்தேன். பிடிப்பு கூடியது, அவ்வளவுதான்.

அப்புறம், மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டரின் பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சராசரி 230 வாட்தான். ஆனால் ஒவ்வொரு வளைவு முடிந்ததும் ஐந்தாறு விநாடிக்கு 700 வாட்! வால்பகுதியில் இருப்பவர் வளைவில் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். அவர் வெளியே வருவதற்குள் முன்னால் இருப்பவர்கள் வேகமெடுத்துவிடுவார்கள். சுற்றுக்கு நான்கு வளைவு, நான்கு ஸ்பிரின்ட்.

அடுத்த பந்தயத்தில் தொடக்கக் கோட்டிலேயே முதல் வரிசையில் நின்றேன். முதல் பத்துப் பேருக்குள் இடத்தை விடவில்லை. வளைவுக்கு முன்பே ஒரு கியர் இலகுவாக்கி, உள்பக்கப் பெடலை மேலே வைத்துக்கொண்டேன். பிரேக்கை அநேகமாகத் தொடவேயில்லை. கூட்டத்தோடே முடித்தேன். அப்பாடா!