காட்டு பிளாக்பெர்ரி: பழத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்

ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கிலாந்தின் வேலியோரமெங்கும் பிளாக்பெர்ரி பழுத்துக் கிடக்கும். பழம் எல்லோருக்கும் தெரியும். செடி விஷயத்தில்தான் குழப்பம்.

ஒரே புதரில் இரண்டு விதமான இலைகளைப் பார்த்துவிட்டு, இரண்டு செடிகள் பின்னிக் கிடக்கின்றன என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இதன் வேர் பல்லாண்டு வாழும். தண்டின் ஆயுள் பெரும்பாலும் இரண்டே ஆண்டு. முதலாண்டுத் தண்டு நீளமாக வளரும், அவ்வளவுதான், பூக்காது. அதன் இலைகளில் விரித்த கைபோல ஐந்து சிற்றிலைகள் இருக்கும். மறு ஆண்டு அதே தண்டிலிருந்து கிளம்பும் பக்கக் கிளைகளில்தான் பூவும் காயும். அங்கே பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள். காய்த்து முடிந்ததும் தண்டு காய்ந்துவிடும். இது தெரியாமல், காய்க்காத தண்டு எதற்கு என்று புதியதை வெட்டினால் அடுத்த ஆண்டு பழம் கிடையாது. காய்த்து ஓய்ந்ததைத்தான் வெட்ட வேண்டும்.

புதர் பரவாமல் இருக்க வேண்டுமென்றால் தண்டின் நுனியைக் கவனியுங்கள். வளைந்து மண்ணைத் தொட்ட நுனி இலையுதிர்காலத்தில் அங்கேயே வேர்விடும். அப்புறம் அது தனிச் செடி.

ராஸ்ப்பெரியோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. நிறத்தை நம்பாதீர்கள், பிளாக்பெர்ரியும் பழுக்குமுன் சிவப்புதான். பறித்துப் பாருங்கள்: ராஸ்ப்பெரி தன் நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுவிட்டு உள்ளே குழிவாக வரும். பிளாக்பெர்ரியில் அந்த வெளிறிய நடுப்பகுதி பழத்தோடே வந்துவிடும்.

காட்டு பிளாக்பெர்ரியெல்லாம் ஒரே இனம் என்பது பெரிய தவறு. ரூபஸ் ஃபுருட்டிகோசஸ் என்ற அதன் அறிவியல் பெயர் ஒரு கூட்டத்துக்கான பெயர். பிரிட்டனில் மட்டுமே 300-க்கும் மேற்பட்ட நுண்ணினங்களை, அதாவது சின்னச் சின்ன வேறுபாடுகளால் பிரியும் வகைகளை, பிரித்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை கருவுறாமலே விதை உண்டாக்குகின்றன. முளைப்பது தாய்ச்செடியின் நகல். எப்போதாவது கலப்பு நடந்து புது வகை பிறந்தால், அதுவும் அப்படியே நகலெடுத்து நிலைத்துவிடுகிறது. இலையின் அடிப்பக்கம் வெள்ளைக் கம்பளிபோல இருக்கும் ரூபஸ் உல்மிஃபோலியஸ் என்ற இனம் இப்படி நகலெடுப்பதற்கு விதிவிலக்கு.

‘ஹிமாலயன் பிளாக்பெர்ரி’ என்ற பெயரைக் கேட்டு இமயமலைக்குப் போய்விடாதீர்கள். அது ஆர்மீனியா, வட ஈரான் பக்கத்துச் செடி. அந்தப் பெயரில் விற்றவர் அமெரிக்கத் தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க்.

எந்த நுண்ணினம் என்று அடையாளம் காண மாதிரி எடுப்பவர்கள் வெறும் பூங்கொத்தோடு வந்துவிடுகிறார்கள். அது போதாது. முதலாண்டுத் தண்டின் நடுப்பகுதியையும் இலை, முள்ளோடு அதே புதரிலிருந்து எடுங்கள். இதழ் வெள்ளையா இளஞ்சிவப்பா என்பதை அங்கேயே குறித்துவிடுங்கள். காய்ந்தபின் நிறம் தெரியாது.