டைரியை மாலைக்குத் தள்ளிவைக்காதீர்கள்

பிறர் குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவரா நீங்கள்? பெற்றோருக்கான டைரியைச் சாயங்காலம் மொத்தமாக எழுத உட்கார்ந்தால், யார் எப்போது தூங்கினார்கள் என்பதே குழம்பிவிடும். நடந்த உடனே, நேரத்தோடு இரண்டு வார்த்தை கிறுக்கிவிடுங்கள்: "10.40 – பால் 120 மி.லி.", "1.15 முதல் 2.30 வரை தூக்கம்". "நன்றாகச் சாப்பிட்டான்" என்பதைவிட "பாதிக் கிண்ணம், மீதியைத் துப்பிவிட்டான்" என்பதுதான் வீட்டில் அடுத்த வேளைக்கு உதவும். டயப்பர் மாற்றியதற்கு ஒரு டிக் போதும். காலையில் எப்போது எழுந்தான், கடைசியாக எப்போது பால் குடித்தான் என்று பெற்றோர் எழுத மேலே ஒரு வரி விடுங்கள்.

மருந்து கொடுத்தது, குழந்தைக்கு அடிபட்டது இரண்டையும் மட்டும் சுருக்காதீர்கள். மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம். அடிபட்டிருந்தால் எங்கே, எப்படி, என்ன செய்தீர்கள் என்று முழுதாக எழுதி, பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நோட்டு. இன்னொரு குழந்தை கடித்துக் காயம் என்றால், கடித்த குழந்தையின் பெயர் இந்த நோட்டில் வேண்டாம்.

அப்புறம், குழந்தை முதல் அடி எடுத்துவைத்தால்? அதைத் தாங்களே முதலில் பார்க்க ஆசைப்படும் பெற்றோர் உண்டு. எழுதலாமா என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.