பிட்சர் கூலிங் கிளாஸ் போடலாமா? சாஃப்ட்பாலில் எது செல்லும், எங்கே சிக்கல் வரும்

போடலாம். சாஃப்ட்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், கூலிங் கிளாஸ் அணியவே கூடாது என்ற பொதுத் தடை கிடையாது. ஆனால் பிட்சர் உடலில் உள்ள எந்தப் பொருளும் பந்தை அடிக்கும் பேட்டரின் கவனத்தைக் கலைக்கிறது என்று அவருக்குப் பின்னால் நிற்கும் நடுவரான பிளேட் அம்பயருக்குப் பட்டால், அதைக் கழற்றச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. ஆபத்து என்று தோன்றும் பொருளுக்கும் அப்படியே. அதனால் ஒரே கண்ணாடி ஒரு ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸும் யார் கண்ணிலும் படாமல் போகும்; அடுத்த ஆட்டத்தில் முதல் பந்துக்கு முன்பே கழன்றுவிடும். பள்ளி, கல்லூரி, கிளப் போட்டிகளின் விதிப்புத்தகங்கள் வேறுவேறு என்பதால், நீங்கள் ஆடும் தொடரின் விதியில் பிட்சர் உபகரணம் பற்றிய பகுதியை முன்பே படித்துவிடுங்கள்.

அம்பயர்கள் கழற்றச் சொல்வது பெரும்பாலும் மிரர் கோட்டிங், அதாவது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் பூச்சு, போட்ட லென்ஸைத்தான்.

மிரர் லென்ஸ் ஏன் சிக்கல்

பல மைதானங்களில் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து, பிட்சருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் பேஸை நோக்கிய கோடு கிழக்கு-வடகிழக்காக இருக்கும்படி அமைப்பார்கள். மாலை வெயில் பேட்டரின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதே நோக்கம். அதற்கு விலை கொடுப்பவர் பிட்சர். அவர் பார்க்க வேண்டியது மேற்குப் பக்கம், இறங்கும் சூரியன், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் தலைக்கு மேலே நிற்கும். கூலிங் கிளாஸ் மிகவும் தேவைப்படும் நேரம் அது. அதே நேரத்தில்தான் பேட்டரின் முதுகுப் பக்கமிருந்து வரும் வெயில் பிட்சரின் லென்ஸில் பட்டு, நேராகப் பேட்டரின் கண்ணுக்கே திரும்புகிறது.

தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டால் தப்பிக்கலாமே என்றால், முடியாது. விளையாட்டுக் கண்ணாடியின் லென்ஸ் வளைந்தது. எவர்சில்வர் கரண்டியின் முதுகை எப்படித் திருப்பினாலும் விளக்கின் பொட்டு அதில் எங்காவது தெரியுமே, அதே கதைதான். சாதாரண பாலிகார்பனேட் லென்ஸின் முன்பக்கம் தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மிரர் கோட்டிங் அதைப் பல மடங்காக்கும். அந்தப் பொட்டு மங்கலாக இருக்குமா, கூசுமா என்பதை கோட்டிங் தீர்மானிக்கிறது.

வேகமாக வீசும் சாஃப்ட்பால் வகையான ஃபாஸ்ட்பிட்சில் பந்து இடுப்பருகே கையை விட்டுப் போகிறது, முகத்தில் இருப்பது யாருக்குத் தொல்லை என்று சில கோச்கள் வாதிடுவார்கள். கையை முழு வட்டமாகச் சுழற்றும் விண்ட்மில் சுற்றில் பந்து தலையை ஒட்டி மேலே போய்த்தான் கீழே வருகிறது. பேட்டர் அதைக் கண்ணால் தொடர ஆரம்பிப்பதே அங்கிருந்துதான். வாதம் அம்பயரிடம் எடுபடாது.

வாங்கும்போது

மிரர் இல்லாத சாம்பல் அல்லது பழுப்பு லென்ஸ், ஒளிராத கறுப்பு ஃபிரேம். இந்த ஜோடியை யாரும் கேள்வி கேட்பது அரிது. ஃபிரேம் பந்தின் நிறமான பளிச்சென்ற மஞ்சளில் வேண்டவே வேண்டாம்.

லென்ஸ் பொருளில் சமரசம் கூடாது. பெண்கள் ஃபாஸ்ட்பிட்சில் உயர்நிலைப் பள்ளி முதல் சர்வதேச ஆட்டம் வரை பிட்சிங் தூரம் 43 அடி, அதாவது 13.1 மீட்டர். வீசும்போது முன்னே தாவி இறங்குவதில் சுமார் 2 மீட்டர் போய்விடும். மீதி 11 மீட்டர். மணிக்கு 130 கிலோமீட்டரில் அடிபட்ட பந்து அந்தத் தூரத்தைக் கடக்க 0.3 விநாடி போதும். ஆகவே சாதாரணக் கண்ணாடி லென்ஸும், பவர் கண்ணாடிகளில் அதிகம் வரும் கடின பிளாஸ்டிக்கும் இங்கே கூடாது. உடைந்தால் துண்டுகள் கண்ணுக்குள் போகும். அடி தாங்கும் லென்ஸ் பொருள்களான பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் கேளுங்கள். அட்டையில் ஏஎஸ்டிஎம் எஃப்803 என்று இருந்தால் விளையாட்டில் அடி தாங்கும் சோதனையை மனதில் வைத்துச் செய்தது. ஃபேஷன் கடையின் யுவி400 முத்திரை புற ஊதாக் கதிரைப் பற்றி மட்டுமே பேசுகிறது, பந்தைப் பற்றி அல்ல.

கருமை எவ்வளவு? லென்ஸில் அல்லது பெட்டியில் 0 முதல் 4 வரை ஒரு வகை எண் இருக்கும். வகை 3 ஒளியில் 8 முதல் 18 சதவீதத்தை உள்ளே விடும். உச்சி வெயிலுக்குச் சரி. வகை 2 விடுவது 18 முதல் 43 சதவீதம். மேகமும் வெயிலும் மாறிமாறி வரும் நாளுக்கும் மாலைக்கும் ஏற்றது. வகை 4 பனிமலைக்கானது, மைதானத்துக்கு வேண்டாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வகை 2-இன் கருமையான பக்கமாகப் பாருங்கள். காரணம், நிழல். மாலையில் பிட்சர் வட்டம் வெயிலிலும் ஹோம் பிளேட் கேலரி நிழலிலும் இருக்கும். வகை 3 போட்டுக்கொண்டு அந்த நிழலுக்குள் கேட்சர் சிக்னலாகக் காட்டும் விரல் இரண்டா மூன்றா என்று எண்ணிப் பாருங்கள், புரியும். பழுப்பு, செம்பு நிற லென்ஸ்கள் இந்த இடத்தில் சாம்பலைவிடக் கொஞ்சம் தெளிவு தரும்.

போலரைஸ்டுக்குக் கூடுதல் பணம் தேவையா? நேரடிச் சூரிய ஒளி போலரைஸ் ஆனதல்ல, அதாவது ஒரே திசையில் அதிர்வதல்ல. அந்த ஃபில்டர் வெட்டுவது ஈரத்தரை, தண்ணீர் போன்ற தட்டையான பரப்பிலிருந்து எழும் கூச்சத்தை. எதிரே சூரியனைப் பார்க்கும் பிட்சருக்கு அதனால் பெரிய லாபமில்லை. தொப்பியின் விளிம்பைச் சரியாக இறக்கிப் போடுவது அதைவிட உதவும்.

வெயிலில் கருத்து நிழலில் வெளுக்கும் லென்ஸில் ஒரு குறை: கருப்பது விரைவு, வெளுப்பது மெதுவு. மேகம் மறைத்து நிமிடங்கள் ஆனபிறகும் இருட்டாகவே இருக்கும்.

ஆட்டத்துக்கு முன் சோதனை

ஆட்டம் நடக்கும் அதே நேரத்தில், அதே திசையில் பாருங்கள். கண்ணாடி அணிந்து, பிட்சர் கால் வைக்கும் பிட்சிங் பிளேட்டில் நில்லுங்கள், அணித் தோழர் ஒருவர் பேட்டர் பாக்ஸில் நிற்கட்டும். சிக்னல் வாங்குவதுபோல் குனிந்து, நிமிர்ந்து, முழுச் சுற்று வீசுங்கள். முகத்தில் பொட்டு மினுங்குவது அவருக்குத் தெரிந்தால் பேட்டருக்கும் தெரியும். பிறகு முழு வேகத்தில் பத்துப் பந்து. கண்ணாடி நழுவினால் முதலில் மூக்குப் பட்டையைப் பாருங்கள். வியர்வையில் வழுக்காத ரப்பர் பட்டையாக இருக்க வேண்டும். அப்படியும் நழுவினால் தலைக்குப் பின்னால் இறுக்கும் பட்டி. அதன் வால் தொங்கக் கூடாது, கூந்தலுக்கு அடியில் செருகிவிடுங்கள்.

ஃபேஸ் மாஸ்க் அணிபவர்கள் இரண்டையும் சேர்த்தே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். மாஸ்க்கின் பக்கப் பஞ்சு கண்ணாடிக் காம்பை நெற்றிப்பொட்டில் அழுத்தினால் மூன்றாவது இன்னிங்ஸில் தலைவலி நிச்சயம். மெல்லிய, தட்டையான காம்பு உதவும். மாஸ்க் கம்பி லென்ஸைத் தொடக் கூடாது. அடி விழுந்தால் கம்பி லென்ஸையும், லென்ஸ் முகத்தையும் இடிக்கும். மாஸ்க்குக்குள் காற்றோட்டம் குறைவு, ஆவி படியும். மேல் விளிம்பில் துளை உள்ள ஃபிரேமும் ஆவி படியாத பூச்சும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

வட்டத்துக்குள் செய்யும் தவறுகள்

கண்ணாடியைத் தொட்டுச் சரிசெய்வதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பிட்சிங் பிளேட்டில் நின்று இரு கைகளையும் பந்தோடு சேர்த்த பிறகு ஒரு கையைப் பந்திலிருந்து எடுத்தாலே பிட்ச் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அந்தக் கை மூக்கை நோக்கிப் போய் நின்றால் இல்லீகல் பிட்ச், அதாவது விதிமீறிய வீச்சு. கைகளைச் சேர்த்தபின் கண்ணாடி நழுவினால், கைகளைப் பிரிக்காமல் இரண்டு காலையும் பின்னால் எடுத்து பிளேட்டிலிருந்து இறங்குங்கள், அப்புறம் சரிசெய்யுங்கள். அதைவிட நல்லது, பிளேட்டில் ஏறும் முன்பே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளும் பழக்கம்.

தொப்பி விளிம்பின் மேல் தூக்கி வைக்காதீர்கள். அங்கே லென்ஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் மோசமாக மினுங்கும், வீசும்போது விழவும் விழும். தேவையில்லாதபோது அணி உட்காரும் டக்அவுட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வட்டத்தின் ஓரத்தில் கழற்றி வைத்தால் அடுத்த பந்து அதன்மேல்தான் உருளும்.

சன்ஸ்கிரீன் இன்னொரு பொறி. நெற்றியில் பூசியது வியர்வையோடு லென்ஸில் வழியும். துடைத்த விரலிலிருந்து பந்துக்கும் போகும். பந்தில் வெளிப்பொருள் படுவது விதிமீறல், நோக்கம் என்னவென்று யாரும் கேட்கமாட்டார்கள். பூச்சை ஆட்டத்துக்கு அரை மணி முன்பே முடித்து, சோப்பில் கை கழுவுங்கள். லென்ஸைத் துடைப்பது இன்னிங்ஸ் இடைவேளையில், மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால். மண் ஒட்டிய ஜெர்சியால் துடைத்தால் பாலிகார்பனேட்டில் கீறல் விழும், கீறல் விழுந்த லென்ஸ் எதிர்வெயிலில் பனிமூட்டம்போல் வெளுத்துத் தெரியும்.

கழற்றச் சொன்னால்

எதிரணி கோச் புகார் சொல்வார், அல்லது பேட்டர் நேரம் கேட்டு அம்பயரிடம் காட்டுவார். கழற்றிவிடுங்கள். இது அம்பயரின் தனிப்பட்ட தீர்மானம், விதிப்புத்தகத்தைக் காட்டி மாற்ற முடியாது. மறுத்தால் ஆட்டத்திலிருந்தே வெளியேற வேண்டி வரலாம். கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: “மிரர் இல்லாத வேறு கண்ணாடி மாற்றிக்கொள்ளலாமா?” அதற்காகவே பையில் ஒரு சாதாரண ஜோடி இருக்கட்டும். பவர் லென்ஸ் போடுபவர்கள் நிறமில்லாத பவர் கண்ணாடியையும் எடுத்து வாருங்கள். கருப்பைக் கழற்றியதும் கேட்சர் மங்கலாகத் தெரிந்தால் அந்த இன்னிங்ஸ் கைவிட்டுப் போகும். விளக்கொளியில் ஆட்டம் தொடர்ந்தாலும் கருப்பு லென்ஸுக்கு வேலையில்லை, அப்போதும் அந்த நிறமற்ற ஜோடிதான்.