ஜாய்ண்டரில் பலகை விடும்போது கை எங்கே இருக்க வேண்டும்?

வீட்டுப் பட்டறையில் 6 அங்குல ஜாய்ண்டர் (சுழலும் கத்தியால் பலகையின் அடிப்பக்கத்தை இழைத்து நேராக்கும் மெஷின்) போட்டு, முதல் பலகையோடு அதன் முன் நிற்பவர்களுக்காக இது. மூலைமட்டம் வைத்து ஃபென்ஸை (பலகை சாய்ந்து போகும் பக்கத் தடுப்பை) 90 டிகிரிக்கு நிறுத்தத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பலகையைப் பாருங்கள். ஆணி, மண், ஆடுகிற கணு இருந்தால் மெஷினுக்கு விடவே கூடாது. 12 அங்குலத்துக்குக் குறைவான துண்டை இழைப்புளியில் இழைத்துக்கொள்ளுங்கள். வளைந்த பலகையில் குழிந்த பக்கம் கீழே வரட்டும். அப்போதுதான் ஆடாமல் உட்காரும். பக்கவாட்டில் நார் ஓட்டம் பின்முனையை நோக்கிச் சரிந்து இறங்க வேண்டும். இல்லையென்றால் சிம்பு சிம்பாகப் பெயரும், பலகையைத் திருப்பிப் போடுங்கள்.

ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர் போதும். கையுறை, தோளில் தொங்கும் துண்டு கூடாது. கத்தி பலகையை உதைத்தால் அது பின்னோக்கித்தான் பாயும், அதனால் மெஷினுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். கத்தி மேல் இருக்கும் காப்புத் தகட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

அப்புறம், புதிதாகப் பழகுகிற எல்லாரும் தடுமாறுகிற இடம்: கை மாற்றுவது. இடது கையில் ரப்பர் அடி வைத்த தள்ளுகட்டை, பலகையின் முன்பகுதி மேல். வலது கையில், பலகை முனையில் மாட்டும் குதிகால் உள்ள தள்ளுகட்டை, பின்முனையைப் பிடித்தபடி. நிற்காமல், சீராகத் தள்ளுங்கள். முன்முனை கத்தியைத் தாண்டி ஒரு சாண் போனதும், இடது கட்டையைத் தூக்கி, கத்திக்கு அப்பால் வெளிமேஜைக்கு (பலகை வெளியே வரும் பக்க மேஜைக்கு) மேல் இருக்கும் பகுதியில் வையுங்கள். இனி அழுத்தம் முழுக்க அங்கேதான். வலது கை தள்ள மட்டும்தான். பலகை உள்ளே போகும் பக்கத்து உள்மேஜையிலேயே அழுத்திக்கொண்டிருந்தால் பழைய வளைவு அப்படியே கத்திக்குப் போகும், எத்தனை தடவை விட்டாலும் பலகை நேராகாது. கட்டையை விட்டு வெறுங்கை ஒருபோதும் கத்திக்கு மேலே கடக்கக் கூடாது. பலகையின் முனையில் விரல் மடங்கித் தொங்கவும் கூடாது.

கடையில் கிடைக்கும் ரப்பர் கட்டையில் தூள் படிந்தால் வழுக்கும், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். குதிகால் கட்டையை மிச்ச பிளைவுட்டில் நீங்களே செய்வதுதான் என் விருப்பம். கத்தி பட்டாலும் மரம்தான் போகும்.

பின்சேர்க்கை: பலகையின் கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும் குழி விழுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வெளிமேஜை கத்தியை விடத் தாழ்ந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கத்தி உச்சிக்கு வரும்படி கத்தி பொருத்திய உருளையைத் திருப்பி, நேர்விளிம்புச் சட்டத்தை வெளிமேஜையில் வைத்துப் பாருங்கள். கத்தி சட்டத்தை லேசாக உரசும் உயரத்துக்கு மேஜையை ஏற்றினால் குழி நின்றுவிடும். அதற்கும் மேலே ஏற்றினால் பலகையின் முன்முனை மேஜை விளிம்பில் முட்டும்.