புராஸ்டேட் புற்றுநோய் அறுவையை விரைவுபடுத்த மருத்துவமனை மாறுவது எப்படி: இங்கிலாந்தில் வாழ்வோருக்கான செய்முறை விளக்கம்

இங்கிலாந்தின் அரசுப் பொது மருத்துவ அமைப்பாகிய என்.எச்.எஸ்.இல் ஒரு மருத்துவமனையின் பட்டியலில் புராஸ்டேட் சுரப்பியை அகற்றும் அறுவைக்காகக் காத்திருப்பவர், அதே அறுவையை முன்னதாகச் செய்யக்கூடிய இன்னொரு மருத்துவமனைக்கு மாற முடியும். பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தவர்களும் மருத்துவர் தவறாக எண்ணிவிடுவாரோ என்று கேட்கத் தயங்குகிறார்கள். என் அண்ணாவுக்காக இந்த வழியில் முழுவதும் நடந்து முடித்த பிறகு, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை, புற்றின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண், திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சி ஆகியவை உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மாறுவதற்கு முன், மாற வேண்டிய தேவை இருக்கிறதா என்பதை உறுதிசெய்யுங்கள். பரவாத புராஸ்டேட் புற்றுநோயை இங்கே கேம்பிரிட்ஜ் முன்கணிப்புக் குழு என்ற முறைப்படி, அபாயம் மிகக் குறைந்த 1 முதல் மிக அதிகமான 5 வரை வகைப்படுத்துகிறார்கள். உங்கள் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1ஆம் குழுவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அறுவையே வேண்டாம், தொடர் கண்காணிப்பே போதும் என்பார்கள். பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2023இல் வெளிவந்தபோது, அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்றில் எதைப் பெற்றிருந்தாலும் ஏறத்தாழ 97 சதவீதம் பேர் இந்த நோயால் இறக்கவில்லை என்பது தெரிந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குறைந்த அல்லது நடுத்தர அபாயம் உடையவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 4, 5ஆம் குழுக்களில் இருப்பவர்களுக்குத் தாமதத்தின் கணக்கு வேறு.

ஆகவே அறுவை மருத்துவரிடம் நேராக இப்படிக் கேளுங்கள்: "என்னுடைய நோய்க்கு எத்தனை வாரம் வரை காத்திருப்பது பாதுகாப்பானது என்று நீங்கள் கருதுகிறீர்கள்?" அவர் சொல்லும் வாரக் கணக்கையும், உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அல்லது கொடுக்கப்படப்போகும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு எளிதாகிவிடும். பயாப்சியால் ஏற்பட்ட வீக்கமும் இரத்தக் கசிவும் அடங்குவதற்காகப் பல மருத்துவர்கள் சில வாரங்கள் இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியைத் தாமதமாக எண்ணிக் கவலைப்பட வேண்டாம். கதிர்வீச்சு மருத்துவரையும் ஒருமுறை சந்தித்துவிடுவது நல்லது. அறுவைக்கு இணையான பலன் தரும் வழி உங்களுக்குத் திறந்திருக்கிறதா, அதற்கான வரிசை குறைவாக இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொண்டு அறுவையைத் தேர்ந்தெடுப்பவரின் மனம் பிறகு அலைவதில்லை.

நாள் கணக்கைத் தெரிந்துகொள்ளுதல்

உங்கள் பெயரில் இரண்டு நாள் கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. புற்றுநோய் ஐயத்தின் பேரில் குடும்ப மருத்துவராகிய ஜி.பி. அனுப்பிய அவசரப் பரிந்துரை மருத்துவமனைக்குக் கிடைத்த நாளிலிருந்து முதல் சிகிச்சை வரை 62 நாள். சிகிச்சைத் திட்டத்தை நீங்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து சிகிச்சை வரை 31 நாள். முதலாவதை 85 சதவீதம் பேருக்கும், இரண்டாவதை 96 சதவீதம் பேருக்கும் நிறைவேற்ற வேண்டும் என்பது நாட்டளவிலான இலக்கு. 62 நாள் இலக்கு 2015ஆம் ஆண்டின் இறுதிக்குப் பிறகு இங்கிலாந்து முழுமைக்குமாக எட்டப்படவே இல்லை. இவை மருத்துவமனைகளுக்கான அளவுகோல்களே தவிர, ஒரு தனி நோயாளி சட்டப்படி வற்புறுத்தக்கூடிய உரிமைகள் அல்ல. ஆனாலும் இந்த எண்களைச் சொல்லிக் கேட்பவருக்குத் தெளிவான பதில் கிடைக்கிறது.

அதிகம் பேசப்படாத இன்னொரு எண் 38. நோயைக் கண்டறிந்த மருத்துவமனையும் அறுவை செய்யும் மருத்துவமனையும் வேறுவேறாக இருந்தால், முதல் மருத்துவமனை 38ஆம் நாளுக்குள் நோயாளியை ஒப்படைக்க வேண்டும், இரண்டாவது 24 நாளுக்குள் சிகிச்சை தர வேண்டும் என்பது அவற்றுக்கிடையேயான ஏற்பாடு. நீங்கள் எத்தனையாவது நாளில் இருக்கிறீர்கள் என்பதை உங்களுக்கென ஒதுக்கப்பட்ட புற்றுநோய்ச் சிறப்புச் செவிலியரிடமோ, எம்.டி.டி. எனப்படும் பல்துறை மருத்துவர் கூட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடமோ கேளுங்கள். ஒவ்வொரு நோயாளியின் நாள் கணக்கும் அவர்களுடைய திரையில் இருக்கும். மருத்துவரிடம் இதைக் கேட்பதில் பயனில்லை. அவர் கையில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் இருப்பதில்லை.

எந்த மருத்துவமனைக்கு மாறுவது

என்.எச்.எஸ். இங்கிலாந்து ஒவ்வொரு மாதமும் மருத்துவமனைகளை நடத்தும் அறக்கட்டளை வாரியாகப் புற்றுநோய்க் காத்திருப்புப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. 2023 அக்டோபரில் விதிகள் மாறிய பிறகு புராஸ்டேட்டுக்கான வரிசை அதில் தனியாகவே இருக்கிறது. நான் பரிந்துரைப்பது இந்த அட்டவணையைத்தான். காத்திருப்புக் காலத்தைக் காட்டும் 'மை பிளான்ட் கேர்' இணையதளம் பார்ப்பதற்கு எளிது, ஆனால் அது சிறுநீரகக் கல் முதல் எல்லாவற்றையும் ஒரே துறையாகக் கலந்து சராசரி காட்டுவதால் நம் தேவைக்கு உதவாது.

விரைவு மட்டும் போதாது. இங்கே இந்த அறுவை பெரும்பாலும் ரோபோ கருவியின் துணையுடன் செய்யப்படுகிறது. ஆண்டுக்குக் குறைந்தது 150 அறுவைகள் நடக்கும் மையங்களில்தான் ரோபோ கருவியை நிறுவ வேண்டும் என்று, சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி சொல்வது செலவுக் கணக்கை வைத்துத்தான் என்றாலும், அதிகம் செய்யும் கைகளைத் தேடுவதற்கு அது நல்ல அளவுகோல். பிரிட்டிஷ் சிறுநீரியல் அறுவை மருத்துவர்கள் சங்கம் மையங்களையும் மருத்துவர்களையும் பற்றிய விவரங்களை வெளியிட்டிருக்கிறது. தேசியப் புராஸ்டேட் புற்றுநோய்த் தணிக்கையின் அறிக்கைகளையும் பாருங்கள். இரண்டு மூன்று பெயர்கள் தேறியவுடன், அந்தந்த மருத்துவமனையில் யூராலஜி எனப்படும் சிறுநீரியல் துறையின் செயலரைத் தொலைபேசியில் அழைத்து, "இன்று பட்டியலில் சேர்ந்தால் ரோபோ புராஸ்டேட் அறுவைக்கு எத்தனை வாரம் ஆகும்?" என்று கேளுங்கள். அட்டவணை சொல்வது கடந்த காலம். செயலர் சொல்வது நடப்பு நிலை. உங்கள் மருத்துவமனை சேர்ந்திருக்கும் புற்றுநோய்க் கூட்டமைப்புக்குள்ளேயே இன்னொரு மையம் இருந்தால், அதற்கு மாறுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.

யார் வழியாகக் கேட்பது

இரண்டு வழிகள் உண்டு: இப்போதைய அறுவை மருத்துவர் நேரடியாக அடுத்தவருக்கு எழுதுவது ஒன்று, ஜி.பி. புதிதாகப் பரிந்துரைப்பது மற்றொன்று. நான் முதல் வழியையே வலியுறுத்துவேன். ஜி.பி. வழியாகப் போனால் சில இடங்களில் புதிய நோயாளியாகவே பதிவுசெய்து முதல் சந்திப்பிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். இரண்டாவது மருத்துவக் கருத்து கேட்பது சட்டப்படியான உரிமை இல்லை என்றாலும், கேட்டால் மறுப்பது அரிது.

சிறப்புச் செவிலியருக்கும் மருத்துவரின் செயலருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் என்.எச்.எஸ். எண், கிளீசன் மதிப்பெண், குழு எண், சிகிச்சைத் திட்டம் முடிவான தேதி, இங்கே சொல்லப்பட்ட காத்திருப்புக் காலம், மாற விரும்பும் மருத்துவமனை, அங்கே சொல்லப்பட்ட காத்திருப்புக் காலம் ஆகியவற்றை எழுதி, "இந்த இடைவெளியின் காரணமாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன், இதுவரை கிடைத்த கவனிப்புக்கு நன்றி" என்று முடித்தால் போதும். குறை கூறும் வரி ஒன்றும் வேண்டாம். பதில் வராவிட்டால் மருத்துவமனையின் பால்ஸ் எனப்படும் நோயாளர் உதவிப் பிரிவை அணுகலாம். பரிந்துரை நாளிலிருந்து 18 வாரங்களைக் கடந்துவிட்டவர் மாற்று மருத்துவமனை கேட்பதற்கு என்.எச்.எஸ். சாசனத்திலேயே இடம் இருக்கிறது என்பதால், அவர் அதைச் சுட்டிக்காட்டியே எழுதலாம்.

ஆவணங்கள் போய்ச் சேர்வது

இந்தப் படியில்தான் எங்களுக்குத் தடை வந்தது, ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன். கடிதம் போய்விட்டது, புதிய மருத்துவமனை ஏற்றுக்கொண்டுவிட்டது, இனித் தேதி வரும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் புதிய மருத்துவமனையின் பல்துறை மருத்துவர் கூட்டமாகிய எம்.டி.டி. உங்கள் விவரங்களைப் பார்த்து ஒப்புதல் தரும்வரை யாரும் தேதி கொடுப்பதில்லை. அந்தக் கூட்டம் வாரத்துக்கு ஒருமுறை நடக்கும். அதற்குச் சில நாள் முன்பே பட்டியலை மூடிவிடுவார்கள். உங்கள் எம்.ஆர்.ஐ. படங்களோ பயாப்சிக் கண்ணாடித் தகடுகளோ அதற்குள் வந்து சேராவிட்டால் உங்கள் பெயர் அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படும், அதை யாரும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. அண்ணாவின் விஷயத்தில் படங்கள் போயிருந்தன. தகடுகள் பழைய மருத்துவமனையில் திசுக்களை ஆராயும் நோய்க்கூற்றியல் பிரிவிலேயே இருந்தன.

இந்த இரண்டும் வெவ்வேறு வழியில் பயணிக்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஸ்கேன் படங்கள் மருத்துவமனைகளுக்கிடையே மின்வழியில், பெரும்பாலும் இமேஜ் எக்ஸ்சேஞ்ச் போர்ட்டல் மூலம் செல்கின்றன. அறிக்கை மட்டும் போனால் போதாது. படங்களும் போக வேண்டும், ஏனென்றால் ஆண்மைக்கான நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா என்பதைப் புதிய மருத்துவர் தாமே படத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார். பயாப்சித் தகடுகள் பொருளாகவே கூரியரில் அனுப்பப்படுகின்றன. புதிய மருத்துவமனையின் நோய்க்கூற்றியலாளர் அவற்றைத் தாமே மீண்டும் பார்க்க விரும்புவது வழக்கம். எனவே முதலில் புதிய மருத்துவமனையின் எம்.டி.டி. ஒருங்கிணைப்பாளரை அழைத்து, எந்தக் கூட்டம், எந்த நாளுக்குள் எவை வர வேண்டும் என்று கேளுங்கள். பிறகு பழைய மருத்துவமனையின் நோய்க்கூற்றியல் அலுவலகத்தை அழைத்து, தகடுகளைக் கேட்கும் கோரிக்கை வந்துவிட்டதா, அனுப்பிய நாள் எது என்று கேளுங்கள். அதன்பின் மறுபடி முதலாமவரை அழைத்து வந்து சேர்ந்ததை உறுதிசெய்யுங்கள்.

பி.எஸ்.ஏ. முடிவுகள் தேதி வாரியாக, எலும்பு ஸ்கேன் அல்லது பெட் ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் அறிக்கை, முந்தைய எம்.டி.டி. முடிவு, மருந்துப் பட்டியல், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து ஆகியவற்றின் பிரதி உங்கள் கையிலும் இருக்கட்டும். என்.எச்.எஸ். செயலி உதவும் என்றாலும் எல்லா மருத்துவமனைகளின் கடிதங்களும் அதில் வருவதில்லை. நான் காகிதக் கோப்பையும் கைப்பேசியில் பி.டி.எஃப். தொகுப்பையும் சேர்த்தே வைத்திருந்தேன். மருத்துவப் பதிவுகளின் பிரதியை இலவசமாகக் கேட்டுப் பெறச் சட்டத்தில் வழியுண்டு, ஆனால் தருவதற்கு ஒரு மாத அவகாசம் அவர்களுக்கு உண்டு. ஆகவே முதல் நாளே விண்ணப்பித்துவிட்டு, அதை நம்பிக் காத்திராமல் மற்ற வேலைகளைத் தொடருங்கள்.

பழைய தேதியை விட்டுவிடாதீர்கள்

புதிய மருத்துவமனையின் அறுவைத் தேதி எழுத்து வடிவில் கைக்கு வரும்வரை பழைய பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டாம். "உங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்பது வேறு, தேதி என்பது வேறு. இரண்டு இடங்களுக்கும் இந்த நிலையை ஒளிக்காமல் தெரிவித்துவிடுங்கள். தேதி உறுதியான அன்றே பழையதை விட்டுக்கொடுங்கள், அந்த இடத்துக்காக இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது. தரப்பட்ட நியாயமான தேதியை மறுத்தால் உங்கள் நாள் கணக்கு நிறுத்திவைக்கப்படலாம் என்பதால், எதையும் மறுக்கும் முன் அதன் விளைவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவைக்கு முந்தைய உடல் பரிசோதனையைப் புதிய இடத்தில் மறுபடி செய்வார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

தொலைவைக் கணக்கில் எடுத்தல்

அறுவைக்குப் பின் பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள், ஆனால் சிறுநீரை வெளியேற்றும் குழாயாகிய கதீட்டர் ஒன்று முதல் இரண்டு வாரம் இருக்கும். அதை எடுக்க எங்கே போக வேண்டும், அந்த வேலையை உள்ளூர் மருத்துவமனை செய்யுமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். இரவில் கதீட்டர் அடைத்துக்கொண்டால் நீங்கள் ஓடப்போவது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குத்தான். அங்கே உங்கள் அறுவை விவரம் எதுவும் இருக்காது, ஆகவே வீடு திரும்பும்போது தரும் கடிதத்தை எப்போதும் உடன் வைத்திருங்கள். குறைந்த வருமானம் உடையவர்களுக்குப் பயணச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் என்.எச்.எஸ்.இல் இருக்கிறது. இடுப்புத் தளத் தசைப் பயிற்சியைக் காத்திருக்கும் நாள்களிலேயே தொடங்குவது சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்ப உதவும்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

வேல்ஸில் வாழும் ஒருவர், தமக்கு இந்த வழி பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். மேலே உள்ளவை இங்கிலாந்துக்கு மட்டுமே உரியவை; மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேல்ஸில் அதே வடிவில் இல்லை, ஆகவே அங்குள்ளவர்கள் தம் மருத்துவரிடமே தொடங்க வேண்டும்.

தந்தைக்கு ஆங்கிலம் வராது, நானே மொழிபெயர்க்கலாமா என்று ஒரு மகள் கேட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனை இலவசமாக ஏற்பாடு செய்யும். சந்திப்புக் கடிதம் வந்தவுடனேயே கேட்டுவிடுங்கள். ஆண்மைக் குறைவு, சிறுநீர்க் கசிவு பற்றி மகளின் வாய் வழியாகக் கேட்க எந்தத் தந்தையும் விரும்பமாட்டார், கேட்க வேண்டிய கேள்விகளும் அங்கே விடுபட்டுப்போகும்.

சென்னைக்குப் போய்ச் செய்துகொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். ரோபோ அறுவையில் தேர்ந்த மையங்கள் அங்கே இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுவைக்குப் பின் நீண்ட விமானப் பயணம் இரத்தக் கட்டி உருவாகும் அபாயத்தைக் கூட்டுவதால் சில வாரங்கள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். போவதென்றே முடிவுசெய்தால், அகற்றிய புராஸ்டேட்டின் நோய்க்கூற்றியல் அறிக்கையைக் கையோடு கொண்டுவந்து ஜி.பி.யிடம் கொடுங்கள், தொடர் பி.எஸ்.ஏ. பரிசோதனைகள் அதை வைத்துத்தான் திட்டமிடப்படும்.

தனியாரில் ஒருமுறை பணம் கொடுத்து ஆலோசனை பெற்றால் என்.எச்.எஸ். இடம் போய்விடுமா என்பது கடைசிக் கேள்வி. போகாது. ஆலோசனையைத் தனியாரில் பெற்றுவிட்டு அறுவைக்கு என்.எச்.எஸ். பட்டியலில் சேரலாம், அந்த ஆலோசனை என்.எச்.எஸ்.இல் நடந்திருந்தால் எந்த இடத்தில் நிற்பீர்களோ அதே இடத்தில்தான் நிற்பீர்கள், முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.